54 பேர் எங்கே? 1971 போரில் காணாமல்போன இந்திய வீரர்கள்: குடும்பங்கள் கேட்ட கேள்வியும் அரசு சொன்ன பதில்களும்

பிப்ரவரி 27, 2019. தமிழ்நாட்டைச் சேர்ந்த விமானப்படை விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தான் ராணுவத்திடம் பிடிபட்டார். அவர் கண் கட்டப்பட்டு நிற்கும் வீடியோ சில மணி நேரத்தில் உலகம் முழுக்கப் பரவியது. மார்ச் 1 இரவு வாகா எல்லை வழியாக இந்தியா திரும்பினார். மொத்தம் மூன்று நாள்தான்.

அதே பாகிஸ்தானுடன் நடந்த 1971 போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்கள் 50 ஆண்டுகளைத் தாண்டியும் காத்திருக்கின்றன. 'மிஸ்ஸிங் 54' என்று சொல்லப்படும் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, இறந்துவிட்டார்களா? இறந்திருந்தால் எங்கே, எப்போது? ஒவ்வொரு பெயருக்கும் நேராகச் சொல்லப்பட்ட பதில் இன்றுவரை இல்லை.

யார் இவர்கள்? அரசு இதுவரை என்ன சொல்லியிருக்கிறது? நீதிமன்றங்களில் என்ன ஆனது? சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு குடும்பம் அரசிடம் எப்படிக் கேட்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த 54 பேர்?

1971 டிசம்பர் 3 முதல் இந்தியாவும் பாகிஸ்தானும் கிழக்கு, மேற்கு என இரண்டு பக்கமும் மோதின. டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. வங்கதேசம் உருவானது. கிழக்கில் முழு வெற்றி. ஆனால் மேற்கு எல்லையில் சண்டையிட்ட இந்திய வீரர்கள் சிலரும், பாகிஸ்தான் எல்லைக்குள் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களின் விமானிகள் சிலரும் திரும்பி வரவில்லை.

1979-ல் மக்களவையில் ஓர் உறுப்பினர் இதுபற்றிக் கேள்வி கேட்டார். அப்போதைய வெளியுறவுத் துறை இணை அமைச்சர் சமரேந்திர குண்டு அளித்த பதிலில், பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாகக் கருதப்படும் 40 பேரின் பெயர்கள் இருந்தன. பிறகு அந்தப் பட்டியல் 54 ஆனது. ராணுவம், விமானப்படை இரண்டிலும் இருந்து அதிகாரிகளும் வீரர்களும் இதில் இருக்கிறார்கள்.

இதன்பிறகும் எண்ணிக்கை நிற்கவில்லை. 2019-ல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு 83. அந்த 54 பேரும் இதற்குள் அடக்கம்.

40, 54, 83. எண் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சிக்கல் இங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

'போரில் இறந்தவர்', 'காணாமல்போனவர்', 'போர்க்கைதி': என்ன வித்தியாசம்?

போர் முடிந்ததும் முகாமுக்குத் திரும்பாத ஒவ்வொரு வீரரையும் ராணுவம் ஏதாவது ஒரு வகையில் சேர்க்க வேண்டும். உடல் கிடைத்தாலோ, இறந்ததைப் பார்த்த சாட்சி இருந்தாலோ 'போரில் இறந்தவர்'. எதிரியிடம் உயிரோடு பிடிபட்டது உறுதியானால் 'போர்க்கைதி'. இரண்டும் இல்லையென்றால் 'காணாமல்போனவர்'.

கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் போர்க்களத்தில் இருந்து வரும் தகவல் அப்படித் தெளிவாக வருவதில்லை. விமானம் விழுவதைச் சக விமானி பார்த்திருப்பார். விமானி பாராசூட்டில் குதித்தாரா என்பது தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் ஏதோ ஒரு வகையில் எழுதிவிடுவார்கள். பல ஆண்டுகள் கழித்து அதை மாற்றுவது பெரிய வேலை.

எந்த வகையில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துதான் குடும்பத்தின் வாழ்க்கையே அமைகிறது. ஓய்வூதியம், சொத்து, வங்கிக் கணக்கு, மனைவியின் மறுமணம், குழந்தைகளின் ஆவணங்கள் எல்லாம் இதோடு சேர்ந்தது.

ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் இது 111-வது பிரிவு. சொத்து, ஓய்வூதிய விவகாரங்களை முடிக்க இது உதவும். ஆனால் 'என்ன ஆனார்' என்ற கேள்விக்கு இது பதில் இல்லை. இது சட்டம் செய்துகொள்ளும் அனுமானம், அவ்வளவுதான்.

தவறான வகையில் எழுதினால் என்ன ஆகும்?

இதற்கு நம் கண் முன்னாலேயே ஓர் உதாரணம் நடந்தது. 1999 கார்கில் போர்க் காலத்தில் இரண்டு இந்திய ராணுவ வீரர்கள் காணாமல்போனார்கள். அவர்கள் படையை விட்டு ஓடிப்போனவர்களாகக் கருதப்பட்டார்கள். குடும்பத்துக்கு அவமானம், கூடவே வருமானமும் இல்லை.

பிறகுதான் அவர்கள் பாகிஸ்தான் சிறையில் இருப்பது தெரியவந்தது. 2004 ஆகஸ்டில் இருவரும் திரும்பி வந்தார்கள். அதற்குள் ஒருவரின் மனைவி மறுமணம் செய்து, கர்ப்பமாக இருந்தார். அவர் யாரோடு வாழ வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்ல, அது டிவி நேரலை வரை போனது.

பதிவேட்டில் தவறாக எழுதிய ஒரே ஒரு சொல் அந்தக் குடும்பங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாடே பார்த்தது.

சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது?

போர்க்கைதிகளுக்கான விதிகள் 1949-ன் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே இதை ஏற்ற நாடுகள். இதில் முக்கியமானவை:

விவரம்: பிடிபட்டவர் தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேல் சொல்லவைக்கச் சித்திரவதை செய்யக் கூடாது.

கடிதம்: முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், 'நான் பிடிபட்டிருக்கிறேன்' என்று குடும்பத்துக்கு அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். அதே தகவல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் மையத்துக்கும் போக வேண்டும்.

தகவல் மையம்: ஒவ்வொரு நாடும் தன்னிடம் உள்ள கைதிகளின் விவரத்தைச் சேகரித்து, அவர்களின் நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இறப்பு: கைதி இறந்தால் இறப்புச் சான்றும், புதைத்த இடத்தின் விவரமும் தர வேண்டும்.

விடுதலை: சண்டை நின்றதும் தாமதம் இல்லாமல் விடுவித்து, சொந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அப்படின்னா, ஒரு வீரர் பிடிபட்டிருந்தால் அவர் பெயர் எங்காவது ஒரு பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். பிடித்த நாடு பதிவே செய்யாவிட்டால்? செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அவர் அங்கே இருப்பதே தெரியாது. கைதிப் பரிமாற்றப் பட்டியலிலும் பெயர் வராது. மிஸ்ஸிங் 54 குடும்பங்களின் சந்தேகம் இதுதான்.

1977-ல் வந்த கூடுதல் உடன்படிக்கை ஒன்று, தங்கள் உறவுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளக் குடும்பங்களுக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் இந்தியா அதில் சேரவில்லை. பாகிஸ்தான் கையெழுத்துப் போட்டதோடு நின்றுவிட்டது.

கையில் 93,000 பேர் இருந்தும் ஏன் முடியவில்லை?

குடும்பங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. 1971 போர் முடிந்தபோது சுமார் 93,000 பாகிஸ்தானியர்கள் இந்தியாவின் பிடியில் இருந்தார்கள். படைவீரர்களோடு பொதுமக்களும் இதில் அடக்கம். இவ்வளவு பெரிய பேரம் பேசும் பலம் இந்தியாவுக்கு அதற்கு முன்பும் பின்பும் கிடைத்ததில்லை.

1972 ஜூலை 2-ல் இந்திரா காந்தியும் சுல்பிகர் அலி பூட்டோவும் சிம்லா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மேற்கு எல்லையில் பிடிபட்ட கைதிகளை இரு நாடுகளும் பரிமாறிக்கொண்டன. 600-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் வாகா வழியாகத் திரும்பினார்கள். வாசலில் காத்திருந்த சில குடும்பங்களுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

கிழக்கில் சரணடைந்தவர்களின் விவகாரம் 1973 ஆகஸ்டில் டெல்லி ஒப்பந்தம் மூலம் பேசப்பட்டது. 195 பேர் மீது போர்க்குற்ற விசாரணை நடத்த வங்கதேசம் விரும்பியது. 1974 ஏப்ரலில் மூன்று நாடுகளும் பேசி அதுவும் கைவிடப்பட்டது. பாகிஸ்தான் கைதிகள் எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசிக் கைதியை அனுப்புவதற்கு முன், 'எங்கள் ஆட்கள் இத்தனை பேர் வரவில்லை, ஒவ்வொருவருக்கும் கணக்குச் சொல்லுங்கள்' என்று ஏன் முடித்துக்கொள்ளவில்லை என்பதே குடும்பங்களின் ஆதங்கம். 40 பேரின் பட்டியல் மக்களவைக்கு வந்தது 1979-ல். அதாவது கடைசி பாகிஸ்தான் கைதி வீடு போய் 5 ஆண்டுகள் கழித்து.

உயிரோடு இருந்தார்கள் என்று நம்ப என்ன காரணம்?

குடும்பங்கள் வெறும் ஆசையில் மட்டும் பேசவில்லை. அவர்கள் முன்வைக்கும் ஆதாரங்களில் முக்கியமானவை இவை.

பத்திரிகைச் செய்தி: 1971 டிசம்பர் 5 தேதியிட்ட 'சண்டே பாகிஸ்தான் அப்சர்வர்' நாளிதழ், பிடிபட்ட இந்திய விமானிகள் பற்றிச் செய்தி போட்டது. அதில் ஃப்ளைட் லெப்டினன்ட் 'டாம்பே' என்ற பெயர் இருந்தது. அது ஃப்ளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பேதான் என்கிறது குடும்பம். அவருடைய மனைவி தமயந்தி தாம்பே தேசிய பேட்மிண்டன் சாம்பியனாகவும் அர்ஜுனா விருது பெற்றவராகவும் இருந்தவர். பல பத்தாண்டுகளாக இந்தக் குடும்பங்களின் முகமாக இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

புகைப்படம்: அதே டிசம்பர் 27 தேதியிட்ட 'டைம்' இதழில் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும் ஓர் இந்தியக் கைதியின் படம் வந்தது. அது மேஜர் ஏ.கே. கோஷ் என்று குடும்பத்தினர் அடையாளம் சொன்னார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

கடிதம்: மேஜர் அசோக் சூரி போரில் இறந்ததாக அறிவிக்கப்பட்டவர். 1974 டிசம்பரில், தான் நலமாக இருப்பதாக அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு அவர் தந்தைக்கு வந்தது. 1975-ல் கராச்சியில் இருந்து இன்னொரு கடிதம். அதில் தன்னோடு 20 அதிகாரிகள் இருப்பதாக எழுதியிருந்தது. கையெழுத்து சரிபார்க்கப்பட்டது. 'இறந்தவர்' என்றிருந்த பதிவை அரசே 'காணாமல்போனவர்' என்று மாற்றியது.

புத்தகம்: பூட்டோ மீதான வழக்கு பற்றி பிரிட்டிஷ் எழுத்தாளர் விக்டோரியா ஸ்கோஃபீல்டு எழுதிய நூலில், லாகூர் கோட் லக்பத் சிறையில் பூட்டோவின் அறைக்குப் பக்கத்தில் இருந்து வந்த அலறல்கள் பற்றிக் குறிப்பு உண்டு. அவர்கள் 1971 போரில் பிடிபட்டு மனநலம் பாதிக்கப்பட்ட இந்தியக் கைதிகள் என்கிறது அந்தக் குறிப்பு.

இவை தவிர, பாகிஸ்தான் சிறைகளில் இருந்து விடுதலையாகி வந்த இந்தியர்கள் சிலரும் ராணுவ அதிகாரிகளை உள்ளே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றில் எதுவும், குறிப்பிட்ட ஒருவர் இன்றும் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிப்பதில்லை. ஆனால் சிலர் பிடிபட்டபோது உயிரோடு இருந்தார்கள் என்ற வலுவான சந்தேகத்தை எழுப்புகின்றன. அப்படி இருந்தால், பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்லும் கடமை பிடித்த நாட்டுக்கு உண்டு.

பாகிஸ்தான் என்ன சொல்கிறது?

தங்கள் சிறைகளில் இந்தியப் போர்க்கைதி யாரும் இல்லை. இதுதான் பாகிஸ்தானின் நிலைப்பாடு.

இரண்டு முறை குடும்பத்தினரை உள்ளே விட்டுக் காட்டியிருக்கிறார்கள். 1983-ல் சில உறவினர்கள் முல்தான் சிறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். 2007 ஜூன் 1 முதல் 14 வரை 14 உறவினர்கள் பல சிறைகளுக்குப் போனார்கள். யாரையும் நேரில் பார்த்து உறுதிசெய்ய முடியவில்லை.

இந்தப் பயணங்களின் முடிவை இரண்டு தரப்பும் வேறு வேறாகப் படிக்கின்றன. 'பாருங்கள், யாரும் இல்லை' என்கிறது பாகிஸ்தான். 36 ஆண்டுகள் கழித்து, முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போய்ப் பார்ப்பதில் என்ன கிடைக்கும், சிறைப் பதிவேடுகளை முழுதாகக் காட்டினால்தானே தெரியும் என்கின்றன குடும்பங்கள்.

இந்திய அரசு சொன்ன இரண்டு பதில்கள்

விவகாரத்தின் மையம் இதுதான். ஒரே கேள்விக்கு மத்திய அரசு வேறு வேறு இடங்களில் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது.

2015 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மத்திய அரசிடம் நேரடியாகக் கேட்டது: இந்த 54 பேர் உயிரோடு இருக்கிறார்களா? அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்ன பதில், எங்களுக்குத் தெரியாது என்பதுதான். பாகிஸ்தான் மறுப்பதால் இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்றும் சொன்னார்.

2019-ல் நாடாளுமன்றத்தில் அதே மத்திய அரசு சொன்னது வேறு. 83 வீரர்கள் பாகிஸ்தானின் பிடியில் இருப்பதாக நம்பப்படுகிறது, பாகிஸ்தான் ஒப்புக்கொள்ளவில்லை, தொடர்ந்து கேட்டுவருகிறோம் என்றது.

கைதிகள் பட்டியல் பரிமாற்றத்தையும் பாருங்கள். 2008 ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் இந்தியாவும் பாகிஸ்தானும் தங்களிடம் உள்ள மற்ற நாட்டுக் கைதிகள், மீனவர்களின் பட்டியலைக் கொடுத்துக்கொள்கின்றன. அந்த நாளில் வரும் வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கையில், காணாமல்போன பாதுகாப்புப் படையினரை விடுவிக்கக் கோரும் வரி தவறாமல் இடம்பெற்று வந்திருக்கிறது.

நீதிமன்றத்தில் 'இறந்ததாகக் கருதுகிறோம்'. நாடாளுமன்றத்தில் 'அங்கே இருப்பதாக நம்புகிறோம்'. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது.

இதில் அரசுக்கும் ஒரு வாதம் உண்டு. பிடிவிட்டால் பாகிஸ்தானுக்கு அது வசதியாகிவிடும், அதனால் கோரிக்கையை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது ராஜதந்திரம். அது புரிகிறது. ஆனால் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அது ராஜதந்திரம் இல்லை. எந்தப் பதிலை நம்பித் திதி கொடுப்பது, எந்தப் பதிலை நம்பிக் கதவைத் திறந்து வைப்பது என்று தெரியாத நிலை.

நீதிமன்றங்களில் என்ன நடந்தது?

குஜராத் உயர்நீதிமன்றத்தில் இந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2011 டிசம்பரில், சர்வதேச நீதிமன்றத்தை அணுகுங்கள் என்று மத்திய அரசுக்கு அது உத்தரவிட்டது. மத்திய அரசு மேல்முறையீடு செய்ய, 2012-ல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

1997 ஏப்ரலில் குஜராத்தின் கட்ச் எல்லையில் ரோந்து போய்த் திரும்பாத ஒரு ராணுவ கேப்டனின் தாய், தன் 81-வது வயதில் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 2021 மார்ச்சில் அந்த மனு மீது மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

குல்பூஷன் ஜாதவுக்குப் போனார்களே, இதற்கு ஏன் போகக் கூடாது?

நியாயமான கேள்வி. 2017-ல் குல்பூஷன் ஜாதவ் வழக்கை இந்தியா ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. மரண தண்டனையை நிறுத்திவைக்கும் உத்தரவும் கிடைத்தது.

ஆனால் அந்த வழக்குக்கு வாசல் வேறு. தூதரகத் தொடர்புகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தோடு சேர்ந்த ஒரு விருப்ப உடன்படிக்கை, சச்சரவு வந்தால் இந்த நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. இரு நாடுகளும் அதை ஏற்றிருந்தன. ஜெனீவா ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசல் கிடையாது.

இன்னொரு வழி, நாடுகள் பொதுவாக இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பது. இந்தியா 1974-ல் கொடுத்த அறிவிப்பில் நிபந்தனைகள் வைத்தது. காமன்வெல்த் நாடுகளுடனான சச்சரவு, போர் தொடர்பான சச்சரவு எதுவும் இதில் வராது என்பவை அவற்றில் இரண்டு.

இந்த நிபந்தனையை இந்தியாவே பயன்படுத்தியிருக்கிறது. 1999-ல் கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படை விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியது. பாகிஸ்தான் சர்வதேச நீதிமன்றம் போனது. காமன்வெல்த் நிபந்தனையைக் காட்டி இந்தியா எதிர்க்க, 2000-ல் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று கேடயமாக இருந்ததே இன்று இந்தக் குடும்பங்களுக்குச் சுவராக நிற்கிறது.

இதோடு சிம்லா ஒப்பந்தமும் சேர்கிறது. பிரச்னைகளை இரு நாடுகளும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. காஷ்மீர் உட்பட எதற்கும் மூன்றாம் தரப்பு வேண்டாம் என்பது இந்தியாவின் நீண்டகால நிலைப்பாடு. ஒரு விஷயத்துக்குக் கதவைத் திறந்தால் மற்றதுக்கும் திறந்த மாதிரி ஆகிவிடும் என்ற கவலை டெல்லிக்கு எப்போதும் உண்டு.

இத்தனை வருஷம் கழித்து யாராவது திரும்ப முடியுமா?

உலகில் நடந்திருக்கிறது.

கொரியப் போரில் 1951-ல் பிடிபட்ட தென்கொரிய அதிகாரி சோ சாங்-ஹோ, வடகொரியாவில் இருந்து தப்பி 1994-ல் ஊர் திரும்பினார். 43 ஆண்டுகள் கழித்து! அவருக்குப் பிறகு சுமார் 80 தென்கொரியப் போர்க்கைதிகள் இப்படித் தப்பி வந்தார்கள். 1980-ல் ஈராக்கிடம் பிடிபட்ட ஈரான் விமானி ஹுசைன் லஷ்கரி 1998-ல்தான் விடுதலையானார். போலிசாரியோ இயக்கம் பிடித்துவைத்திருந்த மொராக்கோ வீரர்களில் கடைசி 404 பேர் 2005 ஆகஸ்டில் வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் 20 ஆண்டுகள் வரை உள்ளே இருந்தவர்கள்.

இதை வைத்து இந்த 54 பேரும் வருவார்கள் என்று சொல்ல முடியாது. 1971-ல் 25 வயது இளைஞராக இருந்தவர் இன்று 80-ஐ நெருங்கியிருப்பார். ஆனால் 'இவ்வளவு காலம் யாராவது பிடித்து வைத்திருப்பார்களா' என்று சிரித்துவிட்டுப் போகவும் முடியாது.

மற்ற நாடுகள் குடும்பங்களுக்கு எப்படிப் பதில் சொல்கின்றன?

அமெரிக்கா: வியட்நாம் போர் முடிந்த 1973-ல் 2,600-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களுக்குக் கணக்கு இல்லை. குடும்பங்கள் அமைப்பாகத் திரண்டு அரசை நெருக்கின. அவர்கள் உருவாக்கிய கறுப்பு-வெள்ளைக் கொடி இன்று அரசு அலுவலகங்களிலும் பறக்கிறது. 1991 முதல் 1993 வரை செனட் சிறப்புக் குழு ஒன்று விசாரித்தது. வியட்நாம் போரில் பங்கேற்ற ஜான் கெர்ரி, ஜான் மெக்கெய்ன் இருவரும் அதில் இருந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் ரகசியப் பட்டியலில் இருந்து விடுவிக்கப்பட்டன. யாரும் இன்னும் உயிரோடு சிறையில் இருப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று குழு சொன்னது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்பது மக்கள் முன் இருந்தது. எலும்புகளைத் தேடி, மரபணுப் பரிசோதனை செய்து, பெயர் பெயராகக் கணக்கை முடிக்கும் வேலை இன்றும் நடக்கிறது. 1,000-க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டுவிட்டார்கள்.

இலங்கை: அங்கே காணாமல்போனோரின் உறவுகள் என்றதும் வடக்கு, கிழக்கில் தெருவில் போராடும் தமிழ்த் தாய்மார்கள்தான் நினைவுக்கு வருவார்கள். போரில் காணாமல்போன ராணுவத்தினரின் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2016-ல் நிறைவேறிய சட்டத்தின்படி காணாமல்போனோர் அலுவலகம் வந்தது. இரண்டு தரப்புக்கும் அது பொது. அதன் செயல்பாடு மீது தமிழ்க் குடும்பங்களுக்குக் கடும் அதிருப்தி உண்டு. ஆனாலும் ஒரு ஏற்பாடு கவனிக்கத்தக்கது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, 'ஆளைக் காணவில்லை' என்பதற்கே அரசு ஒரு சான்றிதழ் தருகிறது. இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போடாமலே வங்கி, சொத்து வேலைகளைப் பார்க்கலாம்.

இந்தியாவில் ஒரு குடும்பம் எப்படிக் கேட்கலாம்?

ஆர்டிஐ: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் பாதுகாப்பு அமைச்சகம், வெளியுறவு அமைச்சகம், அந்தந்தப் படைத் தலைமையகம் ஆகியவற்றில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பிறகு மத்திய தகவல் ஆணையம். 'ரா', உளவுத்துறை போன்ற அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ராணுவத்துக்கு அப்படி மொத்தமாக விலக்கு கிடையாது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு ஆகியவற்றைப் பாதிக்கும் தகவலைத் தர மறுக்க 8(1)(அ) பிரிவு இடம் தருகிறது. 20 ஆண்டுகள் பழைய தகவலைத் தர வேண்டும் என்ற விதியும் இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது. ஆனால் பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்று 8(2) சொல்கிறது. மேல்முறையீட்டில் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான். 'என் உறவினரின் பணிப்பதிவு, அவர் நிலை எப்போது எந்த ஆவணத்தின் அடிப்படையில் மாற்றப்பட்டது' என்று குறிப்பாகக் கேட்டால் மறுப்பது கடினம்.

நாடாளுமன்றக் கேள்வி: தொகுதி எம்.பி. மூலம் கேட்கலாம். அரசின் பதில் அவைப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். 1979 பட்டியலும் 2019 எண்ணிக்கையும் வெளியே வந்தது இந்த வழியில்தான்.

செஞ்சிலுவைச் சங்கம்: போரில் பிரிந்தவர்களைத் தேடும் கோரிக்கையை இந்திய செஞ்சிலுவைச் சங்கம் மூலம் சர்வதேச அமைப்புக்கு அனுப்பலாம்.

நீதிமன்றம்: உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் மனு போடலாம். பாகிஸ்தானுக்கு அவை உத்தரவிட முடியாது. ஆனால் இந்திய அரசிடம், 'நீங்கள் என்ன செய்தீர்கள்' என்று கேட்க முடியும்.

பழைய ஆவணங்கள்: 25 ஆண்டுகள் கடந்த போர் ஆவணங்களை வழக்கமாக ரகசியப் பட்டியலில் இருந்து விடுவிக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் கொள்கை அறிவித்தது. 1971 போர் அந்த வரம்பைக் கடந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

இப்போது குடும்பங்கள் கேட்பது என்ன?

காத்திருந்த பெற்றோர்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. மனைவிகளுக்கு வயதாகிவிட்டது. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். 'உயிரோடு கொண்டுவாருங்கள்' என்பதில் ஆரம்பித்த கோரிக்கை, 'என்ன ஆனது என்றாவது சொல்லுங்கள்' என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது.

அதற்குப் பாகிஸ்தானின் சம்மதம் மட்டுமே தேவை என்று சொல்லிவிட முடியாது. டெல்லியால் தனியாகச் செய்யக்கூடியதும் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கடைசியாக யார் எங்கே பார்த்தார்கள், எந்த ஆதாரத்தில் பட்டியலில் சேர்க்கப்பட்டார், 1972 முதல் அவரைப் பற்றிப் பாகிஸ்தானிடம் எத்தனை முறை எழுத்துப்பூர்வமாகக் கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதைத் தொகுத்துக் குடும்பத்திடம் கொடுக்கலாம். இறந்தது உறுதி என்றால் அதையும் ஆதாரத்தோடு சொல்லலாம்.

54 பெயர், 54 கோப்பு. அந்தக் கோப்புகள் இருப்பது டெல்லியில்தான்.